உளப்பகுப்பாய்வில் முனைவர் பட்டம்: எந்த வழியில் போவது?

நமக்கே தெரியாமல் இயங்கும் மனப்பகுதியான நனவிலியை ஆராய சிக்மண்ட் ஃப்ராய்டு உருவாக்கிய உளப்பகுப்பாய்வில் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்வேன். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாலைந்து வருடம் உங்கள் மேசையில் என்ன இருக்கப் போகிறது? சிகிச்சை அறைக் குறிப்புகளா, நேர்காணல் பதிவுகளா, ஃப்ராய்டின் தொகுதிகளா, அளவீட்டு எண்களா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்தத் துறை, எந்த வகைப் பட்டம், எந்த நாடு என்பதில் பாதி தானாகத் தெளிந்துவிடும். பதில் தெரியாமல் பெயரைப் பார்த்துச் சேர்ந்தவர்கள்தான் இரண்டாம் வருடத்தில் தலைப்பை மாற்றுவதா, நெறியாளரை மாற்றுவதா என்று திண்டாடுகிறார்கள்.

உளப்பகுப்பாய்வு இளமையாக இருந்த காலத்திலேயே இந்தப் பாதைகள் பிரிந்துவிட்டன. ஃப்ராய்டின் மாணவர் தியோடர் ரெய்க் 1912-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றது பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளொபேரின் ஓர் இலக்கியப் படைப்பை உளப்பகுப்பாய்வு நோக்கில் படித்து. கிரீந்திரசேகர் போஸ் 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவரானது 'ஒடுக்கம்' (ஏற்க முடியாத எண்ணங்களை மனம் நனவிலிக்குள் தள்ளிவிடுவது) என்ற ஒற்றைக் கருத்தை ஆராய்ந்து. அவர் வியன்னாவுக்குப் போனதே இல்லை. ஃப்ராய்டோடு பழக்கமெல்லாம் கடிதத்தில்தான். பின்னாளில் பிரான்சின் பெரிய உளப்பகுப்பாய்வாளராக அறியப்பட்ட ழாக் லக்கான் 1932-ல் பாரிஸில் மருத்துவ ஆய்வேட்டை எழுதியபோது அதன் மையத்தில் ஒரு பெண் இருந்தார். ஒரு நடிகையைக் கத்தியால் தாக்கிப் பிடிபட்டு, மனநல மருத்துவமனைக்கு வந்தவர். எமே என்று அவருக்குப் புனைபெயர் வைத்து, அவருடைய வாழ்க்கையையும் எழுத்துகளையும் லக்கான் அலசினார். ஒருவருக்குப் பிரதி, ஒருவருக்குக் கருத்து, ஒருவருக்கு நோயாளி. இன்றைக்கு விண்ணப்பிக்கிறவரும் ஏறக்குறைய இதே மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார். பின்னால் சேர்ந்தவை நேர்காணலும் புள்ளியியலும்.

தனித் துறையா, வேறொரு துறையின் கூரையா?

உளப்பகுப்பாய்வுக்கென்றே தனித் துறையோ பிரிவோ வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உலகத்தில் குறைவு. பிரிட்டனில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் உளச்சமூக, உளப்பகுப்பாய்வு ஆய்வுத் துறை, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் உளப்பகுப்பாய்வுப் பிரிவு, பிர்க்பெக்கின் உளச்சமூக ஆய்வுகள் ஆகியவை முதலில் நினைவுக்கு வரும். பிரான்சில், 1968 மாணவர் கிளர்ச்சிக்கு மறுவருடம் வென்சென்னில் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் வாரிசான பாரிஸ் 8-ல் உளப்பகுப்பாய்வுத் துறை இருக்கிறது. அது லக்கான் மரபு. பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ழான் லாப்லாஞ்ச் உருவாக்கிய வேறொரு மரபு பாரிஸ் 7-ல் வளர்ந்து, இப்போது பாரிஸ் சித்தே பல்கலைக்கழகத்துக்குள் வந்திருக்கிறது. இரண்டுக்கும் பிரெஞ்சு நன்றாக வரவேண்டும். வாசிக்க மட்டும் தெரிந்தால் போதாது.

இப்படிப்பட்ட துறையில் சேருவதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. நனவிலி என்று ஒன்று இருக்கிறதா என்று ஒவ்வொரு கருத்தரங்கிலும் வாதாட வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவரும், ஃப்ராய்டுக்குப் பின் பிரிட்டனில் இதை வளர்த்த கிளைனையோ வின்னிகாட்டையோ பியோனையோ படித்துக்கொண்டிருப்பார். உங்கள் வாதத்தில் எங்கே ஓட்டை என்று சட்டென்று சொல்லக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நெறியாளர்களில் பலர் சிகிச்சையும் செய்பவர்கள். கருத்துச் சார்ந்த ஆய்வேடு எழுத ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

குறையையும் சொல்லியாக வேண்டும். சிறிய துறை என்றால் ஒரு நெறியாளர் ஓய்வு பெற்றாலோ வேறு இடத்துக்குப் போனாலோ அவருக்குப் பதிலாக இன்னொருவர் இருக்கமாட்டார். பல்கலைக்கழகம் செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைப்பதும் இப்படிப்பட்ட துறைகளில்தான். ஆகவே விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தத் துறை எந்த நிலையில் இருக்கிறது, புதிய மாணவர்களை யார் எடுக்கிறார்கள் என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் வேலை. ஆசிரியர் பணி விளம்பரங்கள் உளவியல், சமூகவியல், இலக்கியம், மெய்யியல் என்ற பெயர்களில்தான் வருகின்றன. உளப்பகுப்பாய்வு என்ற பெயரில் வருவது அபூர்வம். தனித் துறையில் படித்தவர் இன்னொரு துறையின் மொழியையும் பழகி வைத்திருந்தால் மட்டுமே அந்தக் கதவுகள் திறக்கும்.

இலக்கியம், மெய்யியல், மானுடவியல், வரலாறு, திரைப்பட ஆய்வு போன்ற துறைகளில் சேர்ந்து உளப்பகுப்பாய்வைக் கருவியாகவோ பொருளாகவோ எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. வேலை வாய்ப்பும் உதவித்தொகையும் இதில் அதிகம். ஆய்வு முறையும் கறாராகக் கற்றுத் தரப்படும். ஆனால் நெறியாளருக்கு ஃப்ராய்டு தெரிந்திருப்பது கோட்பாட்டு வாசிப்பின் வழியாக மட்டும் என்றால், சிகிச்சை அறையில் பிறந்த ஒரு கருத்து அங்கே வெறும் உருவகமாகச் சுருங்கிவிடும். இதற்கு நல்ல தீர்வு இரட்டை நெறியாளர்கள். முதன்மை நெறியாளர் இலக்கியத் துறை, துணை நெறியாளர் சிகிச்சை அனுபவம் உள்ளவர். விண்ணப்பத்திலேயே இதைக் கேட்டுவிடலாம். பல பல்கலைக்கழகங்கள் இரண்டாவது நெறியாளர் ஒருவரை எப்படியும் நியமிக்கின்றன. ஆவணக் காப்பகங்களில் வேலை செய்ய ஆசைப்படும் வரலாற்று மாணவருக்கு இந்த வழியே சிறந்தது. ஃப்ராய்டின் தாள்கள் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. 2017 முதல் அவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். மெலனி கிளைனின் தாள்கள் லண்டனில் வெல்கம் சேகரிப்பில் இருக்கின்றன.

உளவியல் துறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் உளப்பகுப்பாய்வு வரலாற்றுப் பாடத்தோடு நின்றுவிடும். விதிவிலக்கான இடங்களில் நல்ல அளவீட்டு ஆய்வுகள் நடக்கின்றன. மற்ற சிகிச்சைகள் பலன் தராத மனச்சோர்வு நோயாளிகள் 129 பேரை வைத்து லண்டனின் டாவிஸ்டாக் மனநல மையத்தில் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஒன்றரை வருடச் சிகிச்சை, அது முடிந்தபின் இரண்டு வருடத் தொடர் கவனிப்பு என்ற அளவில் நடந்தது அது. ஒரு முனைவர் பட்ட மாணவர் தனியாக இப்படி ஒன்றைத் தொடங்க முடியாது. முயலவும் கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பெரிய ஆய்வொன்றில் சேர்ந்து, அதன் தரவில் ஒரு மூலையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். எண்களோடு உங்களுக்கு ஒத்துப்போகும் என்றால் கூச்சமில்லாமல் இந்த வழியில் போங்கள். இந்தத் துறைக்கு அப்படிப்பட்டவர்கள் நிறையத் தேவை.

சிகிச்சை செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு

இங்கேதான் ஏமாற்றம் அதிகம் நடக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். உளப்பகுப்பாய்வில் ஆய்வுப் பட்டமான பிஎச்.டி. வாங்கினால் நோயாளிகளைப் பார்க்கும் தகுதி வந்துவிடாது. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தலாம். சிகிச்சைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். கலிஃபோர்னியாவில் 'ஆய்வு உளப்பகுப்பாய்வாளர்' என்ற சட்டப் பிரிவு இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர், தன் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் துணையாகச் சிகிச்சையும் செய்யலாம் என்கிறது அது. அங்கேகூட அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற்றால்தான் பதிவு கிடைக்கும்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? 1918-19-ல் புடாபெஸ்ட் மாணவர்கள் உளப்பகுப்பாய்வைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1919-ல் ஃப்ராய்டின் நெருங்கிய சகாவான ஃபெரென்சி அங்கே பேராசிரியராகவும் ஆனார். சில மாதங்களில் ஆட்சி கவிழ்ந்ததும் அது போய்விட்டது. அதே வருடம் ஃப்ராய்டு இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பல்கலைக்கழகத்துக்குள் இடம் கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் பகுப்பாய்வாளர் உருவாவதற்குப் பல்கலைக்கழகம் இன்றியமையாதது இல்லை என்பது அவர் நிலைப்பாடு. 1920-ல் பெர்லினில் தொடங்கிய பாலிகிளினிக் என்ற உளப்பகுப்பாய்வு மருத்துவமனை, பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடக்கும் பயிற்சிக்கு ஒரு வடிவம் கொடுத்தது. பயிற்சி பெறுபவர் தானே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும், மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், கோட்பாட்டு வகுப்புகளுக்கு வர வேண்டும். அதை நிறுவியவர்களில் ஒருவரான ஐட்டிங்கான் பெயரால் அறியப்படும் இந்த மூன்று கால் முறை இன்றும் மாறவில்லை. சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் இந்த முறைப் பயிற்சியில் சொந்தப் பகுப்பாய்வே வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து அமர்வுகள். பல வருடங்கள் பிடிக்கும். முடிவில் கிடைப்பது சங்க உறுப்பினர் தகுதி. பல்கலைக்கழகப் பட்டம் அல்ல.

இரண்டையும் சேர்த்துத் தருவது தொழில்முறை முனைவர் பட்டம். டாவிஸ்டாக்கில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான உளசிகிச்சைப் பயிற்சி இந்த வகை: நான்கு வருடம், மருத்துவ இடத்தில் வேலை, சொந்தப் பகுப்பாய்வு, கூடவே ஆய்வேடு. ஆய்வேடு வழக்கமான பிஎச்.டி.யைவிடச் சுருக்கமானது, சொந்தச் சிகிச்சைப் பணியிலிருந்தே கேள்வி எழ வேண்டும். இதற்கு முன்தேவையாக வருவது குழந்தை நோக்கு. 1948-ல் எஸ்தர் பிக் அங்கே தொடங்கிவைத்த பயிற்சி அது. பிறந்த குழந்தை உள்ள ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போக வேண்டும். அங்கே ஆலோசனை சொல்லக் கூடாது, குறிப்பெடுக்கக் கூடாது. பார்க்க மட்டும் வேண்டும். திரும்பி வந்து நினைவிலிருந்து எழுதி, கருத்தரங்கில் வாசிக்க வேண்டும். குழந்தை அழும்போது தூக்கிவிடலாமா என்று உங்கள் கை துடிப்பதும் அந்தக் குறிப்பில் இடம்பெற வேண்டிய விஷயம்தான். தன் உணர்வையே தரவாகக் கையாளும் பழக்கம் அங்கே உருவாகிறது. உளப்பகுப்பாய்வு ஆய்வு முறையை எண்களை நம்பாமல் சொல்லையும் அனுபவத்தையும் ஆராயும் மற்ற பண்புசார் ஆய்விலிருந்து பிரித்துக் காட்டுவதும் இந்தப் பழக்கம்தான். கருத்து ஆய்வு செய்யப் போகிறவர்களும் இப்படி ஒரு பயிற்சியைப் பெற்றால் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

என் தீர்ப்பைக் கேட்டால், நோயாளிகளைப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் முதலில் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள், பிஎச்.டி. பிறகு வரட்டும். சிகிச்சை அனுபவத்தோடு நாற்பதுகளில் ஆய்வுக்கு வருபவர்களை இந்தத் துறைகள் விரும்பி வரவேற்கின்றன. சொந்தச் செலவில் பிஎச்.டி.யும் சொந்தச் செலவில் பகுப்பாய்வுப் பயிற்சியும் ஒரே நேரத்தில் வேண்டாம். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டுமே முழு மனதையும் கேட்பவை.

ஒரு தலைப்பு, நான்கு ஆய்வேடுகள்

"துக்கத்தை உளப்பகுப்பாய்வு நோக்கில் ஆராய்தல்." இப்படி ஒரு முன்மொழிவு வந்தால் எந்தக் குழுவும் அதை ஒதுக்கி வைத்துவிடும். அதே ஆர்வம் ஒவ்வொரு வழியிலும் என்னவாகிறது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும்.

கருத்து வழியில் போகிறவர் ஃப்ராய்டின் காலவரிசையையே கேள்வியாக்கலாம். துக்கத்தைப் பற்றி அவர் 1915-ல் எழுதி 1917-ல் வெளியிட்ட கட்டுரையில், இழந்தவரிடமிருந்து பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை. அது முடிந்தால் மனம் விடுதலையாகிறது. 1920 ஜனவரியில் அவர் மகள் சோஃபி நோயில் இறந்துபோனாள். 1923-ல், இழந்தவரைத் தன்னுள் வாங்கி அவராகவே ஓரளவு ஆகிவிடுவதுதான் 'நான்' என்ற மனப்பகுதி (ஈகோ) உருவாகும் வழியே என்று எழுதுகிறார். 1929 ஏப்ரலில், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஒரு கடிதம். சோஃபி இருந்திருந்தால் அன்று அவளுக்கு 36 வயது. கடுமை குறையும், ஆனால் ஈடு கிடைக்காது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்ற பொருளில் எழுதுகிறார். 1917-ன் கோட்பாடு இந்தக் கடிதத்தோடு எப்படிப் பொருந்தும்? இதற்கு நோயாளி வேண்டாம், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை அறநெறி நோக்கில் பரிசீலிக்கும் நெறிக் குழுவின் அனுமதி வேண்டாம். நல்ல நூலகமும் ஃப்ராய்டை வரிவரியாகப் படித்த நெறியாளரும் வேண்டும். தனித் துறைதான் இதற்குச் சரி.

சிகிச்சை வழியில் போகிறவருக்கு, பெற்றோரை இழந்த ஒரு குழந்தையோடு நடந்த ஒரு வருடச் சிகிச்சையே ஆய்வுப் பொருள். அமர்வுக்குப் பிறகு எழுதிய குறிப்புகள்தான் தரவு. குழந்தை எந்த வாரத்தில் முதல் தடவையாக இறந்த அப்பாவை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது, அப்போது சிகிச்சையாளர் என்ன செய்தார் என்ற அளவுக்கு நெருங்கிப் பார்க்கலாம். இதில் அடையாளத்தை மறைப்பதும் ஒப்புதல் பெறுவதும் பெரிய வேலை. ஒப்புதல் கேட்பதே சிகிச்சை உறவைப் பாதிக்கும் என்பதால், எப்போது கேட்பது என்பதையே ஆய்வேட்டில் விவாதிக்க வேண்டியிருக்கும். தொழில்முறை முனைவர் பட்டத்துக்கென்றே அமைந்த கேள்வி இது.

மூன்றாமவர் துணையை இழந்தவர்களிடம் பேசப் போகிறார். ஹால்வே, ஜெஃபர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் விவரித்த நேர்காணல் முறை அவருக்கு உதவும். "ஏன்?" என்று கேட்கக் கூடாது, ஏன் என்றால் மனிதர்கள் நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கதையாகச் சொல்லச் சொல்ல வேண்டும். சொன்ன வரிசையிலேயே, அவர்கள் பயன்படுத்திய சொற்களிலேயே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். பிறகு இரண்டாவது சந்திப்பு. முதல் சந்திப்பில் எங்கே பேச்சு தடுமாறியது, எங்கே திடீரென்று திசை மாறியது என்று கவனித்துவிட்டு அங்கிருந்து தொடங்கலாம். இது உளச்சமூக ஆய்வுத் துறைகளிலும், நெறியாளர் ஒத்துக்கொண்டால் சமூகவியலிலும் செய்யலாம். மனித உறவு பிடிக்கும், ஆனால் சிகிச்சையாளராகும் எண்ணமில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான்காமவர் துக்க அளவுகோல்களை வைத்து உளவியல் துறையில் வேலை செய்பவர். அவருடைய கேள்வி, எந்த வகைப் பற்றுறவு (நெருங்கியவர்களோடு ஒட்டி உறவாடும் விதம்) உள்ளவர்களுக்குத் துக்கம் நீடிக்கிறது என்பது போல இருக்கும்.

விண்ணப்பம்

கால அளவு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் முழுநேரம் என்றால் மூன்று, நான்கு வருடம். பகுதிநேரம் என்றால் ஆறு, ஏழு. பாடங்கள் அதிகமில்லை, முதல் நாளிலிருந்தே ஆய்வேடுதான், மனிதவியல் பக்கம் வழக்கமாக 80,000 சொற்கள் வரை. அமெரிக்காவில் முதல் இரண்டு வருடம் பாடங்களும் தகுதித் தேர்வுகளும், மொத்தம் ஐந்து முதல் ஏழு வருடம். ஆனால் நல்ல துறைகளில் சேர்க்கையோடேயே கட்டண விலக்கும் உதவித்தொகையும் வரும். பிரிட்டனில் இடம் கிடைப்பது வேறு, உதவித்தொகை கிடைப்பது வேறு. பின்னதற்குத் தனி விண்ணப்பம், பெரும்பாலும் முன்கூட்டியே முடிந்துவிடும் கடைசித் தேதி. பிரான்சில் நெறியாளர் முதலில் சம்மதிக்க வேண்டும், பதிவெல்லாம் அதற்குப் பிறகு. கேள்வி ஏற்கெனவே தெளிவாக இருப்பவருக்கு பிரிட்டனும் பிரான்சும் பொருந்தும். ஆர்வம் மட்டும் இருக்கிறது, கேள்வி இன்னும் திரளவில்லை என்பவருக்கு அமெரிக்க முறை நல்லது, அல்லது முதலில் ஒரு முதுகலை.

நெறியாளருக்கு எழுதும் முதல் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் கேள்வி, உங்கள் தரவு, அவருடைய எந்தக் கட்டுரை உங்களை அவரிடம் கொண்டுவந்தது என்ற மூன்றும் போதும். அந்தக் கட்டுரையை முழுக்கப் படித்திருங்கள்; அதில் ஒத்துக்கொள்ளாத இடம் இருந்தால் அதையும் மரியாதையாகச் சொல்லலாம். பெரும்பாலானோர் அப்படிப்பட்ட கடிதத்துக்குத்தான் பதில் போடுகிறார்கள். சொந்தப் பகுப்பாய்வு அனுபவம் இருந்தால் ஒரு வரியில் குறிப்பிடலாம். சொந்தத் துயரத்தை விண்ணப்பத்தில் விரித்து எழுத வேண்டாம். படிப்பவருக்கு அக்கறை வரும், ஆனால் உங்கள் ஆய்வைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவராது.

அவர் பேச அழைத்தால் நீங்களும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்போது எத்தனை மாணவர்களை வழிநடத்துகிறார்? எத்தனை வாரத்துக்கு ஒரு முறை சந்திப்பார்? அடுத்த நாலைந்து வருடம் அங்கேயே இருக்கும் எண்ணமா? அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? நெறிக் குழுவின் அனுமதிக்கு அங்கே சாதாரணமாக எத்தனை மாதம் ஆகிறது? இவற்றைக் கேட்பதில் தவறே இல்லை. பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் யோசித்துத்தான் சேர வேண்டும்.

நூலகத்தையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். உளப்பகுப்பாய்வு இதழ்களின் பெரும் சேகரிப்பான பெப்-வெப் தளத்துக்கு அந்தப் பல்கலைக்கழகம் சந்தா கட்டுகிறதா, தொலைவிலிருக்கும் பகுதிநேர மாணவரும் அதைத் திறக்க முடியுமா? இது இல்லாத இடத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் யாரிடமாவது கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இரண்டு இடங்கள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் நான் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.